'கமாண்ட் நாட் ஃபவுண்ட்'... தொலைந்தது சாஸ் இல்லை, முகவரி!

கறுப்புத் திரையில் நாலு வார்த்தை டைப் செய்து என்டர் தட்டுகிறீர்கள். 'சாஸ்: கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்று ஒரே வரியில் பதில். மறுபடி தட்டினாலும் அதே பதில்தான். விண்டோஸ் லேப்டாப் என்றால் கொஞ்சம் நீட்டி முழக்கும்: 'இஸ் நாட் ரெகக்னைஸ்ட் ஆஸ் ஆன் இன்டர்னல் ஆர் எக்ஸ்டர்னல் கமாண்ட்'. எப்படிச் சொன்னாலும் சாரம் ஒன்றுதான். நீங்கள் கூப்பிட்ட பெயரில் இங்கே யாரும் இல்லையாம்.

வெப் டிசைன் கற்றுக்கொள்ள ஆரம்பிக்கும் கல்லூரிப் பிள்ளைகள் முதல் சில நாள்களிலேயே முட்டிக்கொள்ளும் சுவர் இது. சிலர் பத்து நிமிடத்தில் தாண்டிவிடுகிறார்கள். சிலர் 'இது நமக்குச் சரிப்பட்டு வராது' என்று லேப்டாப்பை மூடிவிடுகிறார்கள். அந்த இரண்டாவது கூட்டத்துக்காகத்தான் இந்த வாரப் பகுதி. கம்ப்யூட்டர் பக்கமே போகாதவர்களும் படிக்கலாம். உங்கள் வீட்டுப் பிள்ளை ராத்திரி பதினோரு மணிக்கு லேப்டாப் முன்னால் முகம் வாடி உட்கார்ந்திருந்தால், கடைசிப் பகுதி உங்களுக்குத்தான்.

ஒரு சின்ன ஏற்பாடு. கமாண்டுகளை வாயால் சொல்வதுபோலவே எழுதியிருக்கிறேன். ஒருவர் மொபைலில் படித்துச் சொல்ல, இன்னொருவர் லேப்டாப்பில் டைப் செய்யலாம். எல்லாமே ஆங்கிலச் சின்ன எழுத்து. சாஸ் என்பதற்கு எஸ், ஏ, எஸ், எஸ் என நான்கே எழுத்து.

சாஸ் என்றால்?

சமோசாவுக்குத் தொட்டுக்கொள்வது இல்லை. ஒரு இணையப் பக்கத்தின் நிறம், எழுத்தின் அளவு, இடைவெளி எல்லாவற்றையும் தீர்மானிப்பது சிஎஸ்எஸ் என்ற ஸ்டைல்ஷீட். 1994ல் ஹோகன் வியூம் லீ என்ற நார்வேக்காரர் முன்வைத்த யோசனை அது. 1996 டிசம்பரில் டபிள்யூ3சி அமைப்பு அதை முறைப்படி அங்கீகரித்தது.

சிஎஸ்எஸ்ஸில் அந்தக் காலத்தில் ஒரு தொல்லை இருந்தது. உங்கள் தெரு டிபன் கடைக்கு ஒரு வெப்சைட் செய்கிறீர்கள் என்று வையுங்கள். தலைப்பு, பட்டன், விலைப்பட்டியல் என்று 40 இடத்தில் ஒரே பச்சை நிறம். கடைக்கார அண்ணன் வந்து, 'பச்சை வேண்டாம்ப்பா, காவி கலர் போடு' என்றால் 40 இடத்திலும் தேடி மாற்ற வேண்டும். 2006ல் ஹாம்ப்டன் காட்லின் வடிவமைத்து, நடாலி வைசன்பாம் வளர்த்தெடுத்த சாஸ் இதற்கு ஒரு வழி சொன்னது. நிறத்துக்கு ஒரு பெயர் வைத்துவிடுங்கள். பெயருக்கு நேரே ஒரே ஒரு இடத்தில் மாற்றினால், 40 இடத்திலும் மாறிவிடும்.

இன்றைக்கு சிஎஸ்எஸ்ஸே இந்த வித்தையில் பாதியைக் கற்றுக்கொண்டுவிட்டது. ஆனாலும் பூட்ஸ்ட்ராப் போன்ற பெரிய தொகுப்புகள் சாஸில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. வேலைக்குப் போகும் இடத்தில் பழைய புராஜெக்ட்டைக் கையில் கொடுத்தால், அதில் சாஸ் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அதனால்தான் காலேஜிலும் கோர்ஸிலும் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

சாஸ் மொழி பிரவுசருக்குப் புரியாது. எஸ்சிஎஸ்எஸ் என்று முடியும் ஃபைலை, சிஎஸ்எஸ் ஃபைலாக மாற்றிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பெயர் கம்பைல். அந்த வேலையைச் செய்யும் புரோகிராமை டெர்மினலில் பெயர் சொல்லிக் கூப்பிடும்போதுதான் நம் கதை ஆரம்பிக்கிறது.

எந்த அத்திப்பட்டு?

எங்கள் ஊர் அத்திப்பட்டு. மீஞ்சூருக்கு முன்னால், வட சென்னை அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும் ஊர். 'எந்த ஊர்?' என்று கேட்டுப் பதில் சொன்னால், 'சிட்டிசன் படத்துல வர்ற ஊரா?' என்று சிரிப்பார்கள். 2001ல் வந்த அந்த அஜித் படத்தில் அரசு ஆவணங்களிலிருந்தே காணாமல் போகும் ஊர் அத்திப்பட்டி. எங்கள் ஊர் பத்திரமாக இருக்கிறது. ஆனால் கண்டுபிடிப்பதில்தான் கொஞ்சம் குழப்பம்.

சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறினால், எண்ணூருக்கு அடுத்து அத்திப்பட்டு புதுநகர். அதற்கு அடுத்த ஸ்டேஷன் அத்திப்பட்டு. இது போதாதென்று அம்பத்தூர் பக்கத்தில் இன்னொரு அத்திப்பட்டு. கூரியர்க்காரரிடம் வெறும் 'அத்திப்பட்டு' என்று சொன்னால், பார்சல் எந்த ஊருக்குப் போகும் என்று அவருக்கே தெரியாது. அம்பத்தூர் அத்திப்பட்டில் மட்டும் தேடிவிட்டு, 'அப்படி ஒரு வீடே இல்லை' என்று போன் செய்தால், அவர் பொய் சொல்லவில்லை. அவர் தேடிய இடத்தில் வீடு இல்லை. அவ்வளவுதான்.

டெர்மினலும் அப்படித்தான் தேடுகிறது. நீங்கள் 'சாஸ்' என்றதும் அது லேப்டாப் முழுவதையும் துழாவுவதில்லை. அதனிடம் ஒரு பட்டியல் இருக்கிறது. அதன் பெயர் பாத். சில ஃபோல்டர்களின் முகவரிகள் வரிசையாக எழுதிய பட்டியல். முதல் ஃபோல்டரில் பார்க்கும், இல்லையென்றால் அடுத்தது, அப்புறம் அதற்கடுத்தது. லோக்கல் ரயில் ஸ்டேஷன் ஸ்டேஷனாக நின்று போவதுபோல. கடைசி ஸ்டேஷன் வரை கிடைக்கவில்லை என்றால் 'நாட் ஃபவுண்ட்'. ரயில் நிற்காத ஊரில் சாஸ் இருந்தால் அதற்குத் தெரியவே தெரியாது.

இது நேற்று வந்த ஏற்பாடு இல்லை. 1979ல் பெல் லேப்ஸ் வெளியிட்ட யூனிக்ஸ் 7ஆம் பதிப்பில், ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல் காலத்திலிருந்தே இந்தப் பட்டியல் வழக்கத்தில் இருக்கிறது. லினக்ஸ், மேக் கம்ப்யூட்டர்களில் இந்தப் பிழைக்கு ஒரு நம்பரும் உண்டு, 127. பிழை வந்த உடனே 'எக்கோ', இடைவெளி, டாலர் குறி, அதை ஒட்டிக் கேள்விக்குறி என்று அடித்துப் பாருங்கள், 127 என்று காட்டும். 126 என்று வந்தால் கதை வேறு. ஆள் கிடைத்துவிட்டார், ஆனால் வேலை செய்ய அவருக்கு அனுமதி இல்லை என்று அர்த்தம்.

மாடி வீட்டில் நடந்தது

எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் பெண், கல்லூரியில் கடைசி வருடம். அப்பா கான்ட்ராக்ட் வேலை, ஷிப்ட்டுக்கு ஷிப்ட் நேரம் மாறும். அண்ணனுக்கு பிளஸ் டூவில் கிடைத்த அரசு லேப்டாப்தான் இப்போது அவளிடம் இருக்கிறது. போன மாதம் ஒரு ராத்திரி இறங்கி வந்தாள்.

"அக்கா, சாஸ் இன்ஸ்டால் ஆயிடுச்சுன்னு காட்டுது. கூப்பிட்டா இல்லைன்னு சொல்லுது. அஞ்சு வாட்டி திரும்பத் திரும்பப் போட்டுட்டேன். இன்னிக்கு டேட்டாவும் காலி."

நான்கு பேர் சேர்ந்து செய்யும் புராஜெக்ட். மற்ற மூன்று பேரும் பையன்கள். டிசைன் பகுதியை இவள் கேட்டு வாங்கியிருந்தாள். மறுநாள் காட்ட வேண்டும். குரூப்புக்கு அனுப்ப வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் டைப் செய்து தயாராக வைத்திருந்தாள். கோடிங்கை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், நான் ரிப்போர்ட்டும் பிபிடியும் செய்து தருகிறேன் என்று.

இந்த மெசேஜை எத்தனை பெண்கள் அனுப்பியிருக்கிறார்கள் என்று கணக்கு யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் என் டிப்ளமோ வகுப்பிலும் பார்த்திருக்கிறேன், அலுவலகத்திலும் பார்த்திருக்கிறேன். ஒரு சின்ன பிழை வருகிறது. அதை 'எனக்கு வராது' என்று எடுத்துக்கொள்கிறோம். பிறகு ரிப்போர்ட், பிபிடி, பைண்டிங். புராஜெக்ட் முடிகிறது, மார்க்கும் வருகிறது. இன்டர்வியூவில் 'நீங்கள் என்ன செய்தீர்கள்?' என்று கேட்கும்போதுதான் உறைக்கிறது.

அவள் அடித்திருந்தது 'என்பிஎம் இன்ஸ்டால் சாஸ்'. அதில் ஒரு தவறும் இல்லை. சாஸ் சமர்த்தாக வந்து, அவளுடைய புராஜெக்ட் ஃபோல்டருக்குள், 'நோட் மாட்யூல்ஸ்' என்ற அறைக்குள், 'டாட் பின்' என்ற அலமாரியில் உட்கார்ந்திருந்தது. அந்த அலமாரி பாத் பட்டியலில் இல்லை. ஐந்து முறை இன்ஸ்டால் செய்தாலும் ஐந்து முறையும் அதே அலமாரிக்குத்தான் போகும்.

"சாஸுக்கு முன்னாடி என்பிஎக்ஸ்னு சேத்து அடி" என்றேன். அடித்தாள். பதிப்பு எண் வந்து நின்றது.

"அவ்ளோதானாக்கா?"

அவ்வளவுதான். அந்த மெசேஜை அவள் அழித்ததைப் பார்த்தேன். எனக்கு அதுதான் பெரிய விஷயமாகத் தெரிந்தது.

வரிசையாகச் சரிபார்ப்போம்

உங்களுக்கும் இதே பிழை என்றால், மறுபடி இன்ஸ்டால் செய்வதற்கு முன்னால் இந்த வரிசையில் பாருங்கள். டேட்டாவும் மிச்சம், நேரமும் மிச்சம்.

1. பெயர் சரியா? ஃபைலின் வால் எஸ்சிஎஸ்எஸ். கமாண்டின் பெயர் சாஸ். பலர் கமாண்டாகவும் எஸ்சிஎஸ்எஸ் என்றே அடித்துவிடுகிறார்கள். லினக்ஸில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசமும் உண்டு. இன்னொன்று, வழிகாட்டிகளில் கமாண்டுக்கு முன்னால் ஒரு டாலர் குறி இருக்கும். 'இங்கிருந்து டைப் செய்யுங்கள்' என்பதற்கான அடையாளம் அது. அதையும் சேர்த்து காப்பி செய்தால், டெர்மினல் 'டாலர்' என்ற புரோகிராமைத் தேடப் போய்விடும்.

2. நோட் இருக்கிறதா? சாஸைக் கொண்டுவரும் வண்டி என்பிஎம். அது நோட்ஜேஎஸ் என்ற புரோகிராமோடு சேர்ந்து வரும். 'நோட்', இடைவெளி, ஹைபன், வி என்று அடியுங்கள். பிறகு 'என்பிஎம்', இடைவெளி, ஹைபன், வி. இரண்டுக்கும் எண்கள் வந்தால் வண்டி ரெடி. இங்கேயே 'நாட் ஃபவுண்ட்' என்றால் சாஸைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். முதலில் நோட்ஜேஎஸ்ஸின் அதிகாரபூர்வ தளத்திலிருந்து எல்டிஎஸ் என்று போட்டிருக்கும் பதிப்பை நிறுவுங்கள்.

3. டெர்மினலை மூடித் திறந்தீர்களா? பாத் பட்டியலை டெர்மினல் திறக்கும்போதுதான் வாசித்துக்கொள்கிறது. புதிதாக எதை நிறுவினாலும், ஏற்கெனவே திறந்திருக்கும் ஜன்னலுக்கு அது தெரியாது. விஎஸ் கோடுக்குள் இருக்கும் டெர்மினல் என்றால், விஎஸ் கோடையே முழுதாக மூடித் திறக்க வேண்டும்.

4. புராஜெக்ட்டுக்குள் இருக்கிறதா? மாடி வீட்டுக் கதைதான். புராஜெக்ட் ஃபோல்டருக்குள் நின்றுகொண்டு 'என்பிஎக்ஸ் சாஸ்', இடைவெளி, இரட்டை ஹைபன், 'வெர்ஷன்' என்று அடியுங்கள். எண் வந்தால் பிரச்னை முடிந்தது. இனி எல்லாக் கமாண்டிலும் சாஸுக்கு முன்னால் என்பிஎக்ஸ் சேர்த்தால் போதும். 'என்பிஎக்ஸ் சாஸ் மெயின் டாட் எஸ்சிஎஸ்எஸ்', இடைவெளி, 'மெயின் டாட் சிஎஸ்எஸ்'. ஒவ்வொரு முறையும் அடிக்கச் சோம்பலாக இருந்தால் என்பிஎக்ஸ் சாஸுக்கு அடுத்து இரட்டை ஹைபனோடு 'வாட்ச்' என்று சேர்த்துவிடுங்கள். ஃபைலை சேவ் செய்யும்போதெல்லாம் அதுவே கம்பைல் செய்யும்.

என்னைக் கேட்டால் இந்த வழியே நல்லது. நான்கு பேர் செய்யும் புராஜெக்ட்டில் நான்கு லேப்டாப்பிலும் ஒரே பதிப்பு சாஸ் இருக்கும். 'என் லேப்டாப்ல ஓடுதே' என்ற சண்டை வராது.

5. எல்லா ஃபோல்டரிலும் வேண்டுமா? அப்படியென்றால் 'என்பிஎம் இன்ஸ்டால்', இடைவெளி, ஹைபன், ஜி, இடைவெளி, 'சாஸ்'. அந்த ஜி என்பது குளோபல். அதற்குப் பிறகும் கிடைக்கவில்லை என்றால், 'என்பிஎம் கான்ஃபிக் கெட் பிரிஃபிக்ஸ்' என்று கேளுங்கள். சாஸ் எந்த முகவரிக்குப் போயிருக்கிறது என்று சொல்லும். விண்டோஸில் வழக்கமாக அது உங்கள் பெயருள்ள ஃபோல்டருக்குள், 'ஆப்டேட்டா', 'ரோமிங்', 'என்பிஎம்' என்று உள்ளே உள்ளே போகும். லினக்ஸிலும் மேக்கிலும் அந்த முகவரிக்குள் இருக்கும் 'பின்' ஃபோல்டர்.

அந்த முகவரியைப் பாத் பட்டியலில் சேர்க்க வேண்டும். விண்டோஸில் ஸ்டார்ட் மெனுவில் 'என்விரான்மென்ட்' என்று தேடுங்கள். உங்கள் அக்கவுன்டுக்கான என்விரான்மென்ட் வேரியபிள்களைத் திருத்தும் ஜன்னல் வரும். அதில் பாத், எடிட், நியூ என்று போய் முகவரியை ஒட்டி ஓகே கொடுங்கள். ஏற்கெனவே இருக்கும் வரிகளில் கை வைக்காதீர்கள். 'செட்எக்ஸ்' கமாண்டால் பாத்தை மாற்றச் சொல்லும் குறுக்குவழிகளையும் தவிருங்கள். 1024 எழுத்துக்கு மேல் இருந்தால் அது மிச்சத்தை வெட்டிவிடும்.

லினக்ஸில் 'டாட் பேஷ்ஆர்சி' என்ற ஃபைலில் சேர்க்க வேண்டும். மேக்கில், 2019ல் வந்த காட்டலினா பதிப்பிலிருந்து வழக்கமான ஷெல் 'இஸட்ஷெல்' என்பதால், ஃபைலின் பெயர் 'டாட் இஸட்எஸ்ஹெச்ஆர்சி'. பழைய வழிகாட்டியைப் பார்த்து வேறு ஃபைலில் எழுதிவிட்டு, ஏன் வேலை செய்யவில்லை என்று குழம்புகிறவர்கள் ஏராளம். ஒரு எச்சரிக்கை. புதிய முகவரியை எழுதும்போது, பழைய பட்டியலைக் குறிக்கும் 'டாலர் பாத்' என்பதையும் கூடவே எழுத வேண்டும். அதை விட்டால் பழைய பட்டியலே போய்விடும். சாஸ் கிடைக்கும், 'எல்எஸ்' கூடக் கிடைக்காது! அப்படி ஆகிவிட்டாலும் பயப்பட வேண்டாம். முழு முகவரியைச் சொல்லிக் கூப்பிட்டால் எந்தப் புரோகிராமும் வரும். ஸ்லாஷ், 'யூஎஸ்ஆர்', ஸ்லாஷ், 'பின்', ஸ்லாஷ், 'நானோ' என்று அடித்து எடிட்டரைத் திறந்து, அந்த வரியைத் திருத்திவிடலாம்.

6. எந்த சாஸ் வருகிறது? சில லேப்டாப்பில் பழையது ஒன்று, புதியது ஒன்று என இரண்டு சாஸ் இருக்கும். பட்டியலில் எது முதலில் வருகிறதோ அதுதான் ஓடும். மீஞ்சூர் பக்கத்து அத்திப்பட்டுக்குப் போகக் கிளம்பி, அம்பத்தூர் அத்திப்பட்டில் இறங்கிய கதை. லினக்ஸிலும் மேக்கிலும் 'விச் சாஸ்' என்று கேளுங்கள். விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்ட்டில் 'வேர் சாஸ்'. முகவரியைச் சொல்லிவிடும்.

'நாட் ஃபவுண்ட்' இல்லாத மூன்று பிழைகள்

விண்டோஸின் நீலத்திரை பவர்ஷெல்லில், இந்தக் கம்ப்யூட்டரில் ஸ்கிரிப்ட் ஓட்ட அனுமதி இல்லை என்று சிவப்பில் எழுத்து வந்தால், சாஸ் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். பாதுகாப்புக்காக வாசலில் நிறுத்தியிருக்கிறார்கள். எளிய வழி, பவர்ஷெல்லை மூடிவிட்டுக் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து அதே கமாண்டை அடிப்பது.

லினக்ஸில் குளோபலாக நிறுவும்போது 'பெர்மிஷன் டினைட்' வந்தால், சட்டென்று முன்னால் 'சூடோ' சேர்த்து அடிக்கத் தோன்றும். வேண்டாம். வீட்டுச் சாவி முழுவதையும் கொடுப்பதுபோல அது. பின்னால் வேறு அனுமதிச் சிக்கல்கள் வரும். மேலே சொன்ன நான்காவது வழியில் புராஜெக்ட்டுக்குள்ளேயே நிறுவிக்கொள்ளுங்கள்.

கடைசியில் கமாண்ட் ஓடி, ஃபைலைத் திறக்க முடியவில்லை என்று ஒரு பிழை வரலாம். சந்தோஷப்படுங்கள்! இப்போது காணாமல் போயிருப்பது சாஸ் இல்லை, உங்கள் ஃபைல். டெர்மினல் வேறு ஃபோல்டரில் நின்றுகொண்டிருக்கும். 'சிடி' கமாண்டால் சரியான ஃபோல்டருக்குப் போனால் முடிந்தது.

வழிகாட்டிக்கும் வயதாகும்

யூடியூபிலோ, சீனியர் கொடுத்த நோட்ஸிலோ 'ஜெம் இன்ஸ்டால் சாஸ்' என்று இருந்தால் அது பழைய காலம். ரூபி மொழியில் எழுதப்பட்ட அந்த முதல் சாஸ் 2019 மார்ச் 26ஆம் தேதியோடு ஓய்வு பெற்றுவிட்டது. அதற்குப் பிறகு பலர் பயன்படுத்திய 'நோட் சாஸ்' பேக்கேஜும் இப்போது பராமரிப்பில் இல்லை. இன்று நிறுவ வேண்டியது டார்ட் மொழியில் எழுதப்பட்டது. என்பிஎம்மில் அதன் பெயர் வெறும் 'சாஸ்'.

பழைய பாடங்களில் ஃபைல்களை இணைக்க 'இம்போர்ட்' என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள். 2024ல் வந்த 1.80 பதிப்பிலிருந்து அதற்கு எச்சரிக்கை காட்டுகிறது. மஞ்சள் எழுத்தைப் பார்த்து எல்லாம் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். ஃபைல் கம்பைல் ஆகியிருக்கும். இனி எழுதும்போது 'யூஸ்' என்பதைக் கற்றுக்கொள்ளுங்கள் என்கிறது, அவ்வளவுதான்.

லேப்டாப் பழசா?

தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டம் தொடங்கியது எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில்தான். 2011 செப்டம்பர் 15ஆம் தேதி, காக்களூரில். ஆரம்ப ஆண்டுகளில் கொடுத்த லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இந்திய இயங்குதளம். எனக்குத் தெரிந்த பல வீடுகளில் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. டெர்மினல் என்ற ஒன்று அப்போதே நம் வீட்டுக் கூடத்துக்கு வந்திருந்தது. பழக்கிவிடத்தான் ஆள் இல்லை.

அந்தக் கால லேப்டாப் இன்னும் ஓடுகிறது, அதில் விண்டோஸ் 7 இருக்கிறது என்றால் நோட்ஜேஎஸ்ஸின் 14ஆம் பதிப்பும் அதற்குப் பிந்தையவையும் அதில் ஏறாது. எத்தனை முறை முயன்றாலும் வராது. உங்கள் பிழையும் இல்லை. ஹார்டுவேர் தாங்கினால் தெரிந்தவர் உதவியோடு எடை குறைந்த லினக்ஸ் ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம். அதுவரைக்கும், சாஸின் அதிகாரபூர்வ தளத்தில் 'பிளேகிரவுண்ட்' என்ற பகுதி இருக்கிறது. மொபைல் பிரவுசரிலேயே திறந்து, இடப்பக்கம் சாஸ் எழுதினால் வலப்பக்கம் சிஎஸ்எஸ் வந்துவிடும். மொழியைக் கற்க அது தாராளமாகப் போதும்.

2025-26 மாநில பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று அறிவித்தார்கள். புது லேப்டாப் கிடைக்கிறவர்கள் முதல் வாரத்திலேயே டெர்மினலைத் திறந்து 'நோட் ஹைபன் வி' அடித்துப் பாருங்கள். 'நாட் ஃபவுண்ட்' என்று வரட்டும். அதன் அர்த்தம் இப்போது உங்களுக்குத் தெரியுமே!

வீட்டில் இருப்பவர்களுக்கு

அம்மா, அப்பா, அண்ணி, தாத்தா யாராக இருந்தாலும் சரி. பிள்ளை திணறும்போது 'ஏதாவது கிளாஸ் சேர்த்துவிடட்டுமா?' என்று கேட்பதற்கு முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். கம்ப்யூட்டர் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

'நீ என்ன அடிச்சே? எழுத்து எழுத்தா வாசி.' பாதிப் பிழைகள் இங்கேயே பிடிபட்டுவிடும். சத்தமாக வாசிக்கும்போது, விட்டுப்போன எழுத்து தானாகக் கண்ணில் படும்.

'அது என்ன பதில் சொல்லுச்சு? முழுசா சொல்லு.' பிழை வந்ததும் பெரும்பாலான பிள்ளைகள் முதல் இரண்டு வார்த்தையோடு நிறுத்திவிடுகிறார்கள். கிடைக்கவில்லையா, அனுமதி இல்லையா, ஃபைல் இல்லையா என்பது மீதி வார்த்தையில்தான் இருக்கும்.

'எங்கே வெச்சே? அது எங்கே தேடுச்சு?' இந்த வாரம் பார்த்த மொத்தப் பாடமும் இந்த ஒரு கேள்விதான். வைத்த இடமும் தேடிய இடமும் ஒன்றா என்று பார்த்துவிட்டால் முக்கால்வாசி முடிந்தது.

'நாட் ஃபவுண்ட்' என்ற வரி பிள்ளையின் அறிவுக்குப் போடும் மார்க் இல்லை. ஒரு முகவரிப் பட்டியலில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது என்ற தகவல். இருபது வருட அனுபவமுள்ளவர்களுக்கும் வாரத்துக்கு ஒருமுறையாவது வரும். அவர்கள் ரிப்போர்ட் எழுதப் போய்விடுவதில்லை. எங்கே தேடியது என்று பார்க்கிறார்கள்.

அடுத்த வாரம்: மொபைலில் பார்த்தால் தமிழ் எழுத்துகளின் கொம்பும் காலும் வெட்டுப்பட்டுத் தெரிகின்றனவா? வரி இடைவெளியைச் சரிசெய்வது எப்படி என்று பார்ப்போம்.